பம்பலப்பிட்டிக்கு ஒரே ஒரு பயணம்: கேமிங் கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி

கேமிங் கம்ப்யூட்டரைத் தனித்தனி பார்ட்டாக வாங்கிப் பொருத்த, ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று மலையிறங்கி, கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குப் போய், மடியில் மதர்போர்ட் (எல்லா பார்ட்டும் மாட்டும் பலகை, சுருக்கமாக போர்ட்) பெட்டியும் காலடியில் கேசிங்குமாகத் திரும்பி வீடு வந்து சேர ராத்திரியாகிவிடும். பிரித்துப் பார்க்கும்போது ஒன்று மற்றதோடு சேரவில்லை என்றால், இன்னொரு நாள் சம்பளம் போச்சு, இன்னொரு பஸ் காசு போச்சு. கடையில் கிடைக்கும் பதிலும் தெரிந்ததுதான்: "பெட்டி பிரிச்சாச்சே தம்பி, மாத்தித் தர ஏலாது." கொழும்பில் இருப்பவருக்கு அரை மணி நேரத் தொல்லை, நமக்கு ஒரு நாள்.

அதனால் பொருத்தத்தை வீட்டில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்து முடித்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு ஆறேழு போதும். நான் கடைக்காரன் இல்லை. அக்கம்பக்கத்துப் பையன்களுக்குப் பொருத்திக் கொடுத்து, நானும் சில தடவை கையைச் சுட்டுக்கொண்டவன்.

முதலில் என்ன விளையாடப் போகிறீர்கள்?

கொப்பியில் முதல் வரி பார்ட் பெயராக இருக்கக்கூடாது. கேமின் பெயரும் மானிட்டரும்தான் முதல் வரி. வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களுக்கு 24 அங்குல 1080பி (1920க்கு 1080 புள்ளி) மானிட்டர், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறும்) இருந்தால் தாராளம். அதற்கு ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 6600 வகை 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டே (படத்தை வரைகிற பார்ட்) போதும். அதே கார்டை வைத்துக்கொண்டு 4கே (1080பியைவிட நாலு மடங்கு புள்ளி) மானிட்டர் வாங்கினால் கார்ட் மூச்சு வாங்கும். காசில் பெரிய பங்கை, ஏறக்குறைய ஐந்தில் இரண்டை, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரியுங்கள் என்பது என் கணக்கு.

வீட்டில் பழைய ஆபீஸ் மானிட்டர் ஒன்று கிடக்கிறது, அதையே பாவிக்கலாம் என்று நினைப்பவர்கள் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல நிற விஜிஏ ஓட்டை (பழைய வகை மானிட்டர் இணைப்பு) மட்டும்தான் என்றால், இன்றைய கார்ட் எதிலும் அந்த ஓட்டை இல்லை. சாதாரண வயர் போட்டு மாற்ற முடியாது, உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர் வேண்டும்.

சாக்கெட்: தட்டினால் கல்யாணமே இல்லை

ப்ராசஸர்தான் மெஷினின் மூளை, மதர்போர்டில் அது உட்காரும் இடம்தான் சாக்கெட். இவை இரண்டும் சேர்வதுதான் இதில் ரஜ்ஜுப் பொருத்தம். மற்றது எல்லாம் ஒத்துப்போய் இது தட்டினால் பேச்சே கிடையாது.

ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர்களில் இப்போது கடையில் கிடைப்பவை இரண்டு சாக்கெட். ஏஎம்4-இல் ரைசன் 5 5600 மாதிரியான ப்ராசஸர்கள் உட்காரும், ராம் (தற்காலிக நினைவகம்) டிடிஆர்4 வகை மட்டும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் உட்காரும், ராம் டிடிஆர்5 மட்டும். இன்டெலில் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட், அதில் டிடிஆர்5 மட்டும்.

குழப்பம் வருவது எல்ஜிஏ1700-இல்தான். ஒரே ஐ5-12400எஃப் ப்ராசஸர் டிடிஆர்4 போர்டிலும் ஓடும், டிடிஆர்5 போர்டிலும் ஓடும். ஆனால் ஒரு போர்ட் ஒரு வகை ராமைத்தான் ஏற்கும். ஒரே மாடல் பெயரில் இரண்டு போர்டும் இருக்கும், டிடிஆர்4 போர்டின் பெயர்க் கடைசியில் பெரும்பாலும் "டி4" அல்லது "டிடிஆர்4" என்று சேர்ந்திருக்கும். பில் போடும்போது அந்த வாலைக் கவனியுங்கள். இரண்டு வகை ராமுக்கும் 288 கால்கள், நீளமும் ஒன்றே. கையில் பிடித்தால் அச்சு அசல் ஒன்று மாதிரிதான் இருக்கும். அடியில் உள்ள வெட்டு மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்லாட்டில் வைக்கும்போது வெட்டும் மேடும் நேருக்கு நேர் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அழுத்திப் பார்த்து ஸ்லாட்டைப் பிளந்தவர்களை எனக்குத் தெரியும்.

ப்ராசஸர் பெயரின் வால் எழுத்தும் முக்கியம். இன்டெலில் "எஃப்" என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-இலும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இப்போது 5600ஜி வாங்கி ஓட்டிக்கொண்டு, தீபாவளிக்குக் கார்ட் வாங்கலாம் என்று திட்டம் போடுபவர்கள் நம் பக்கம் அதிகம். தப்பில்லாத திட்டம்தான். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 5600ஜி எந்தப் போர்டில் போட்டாலும் பிசிஐஇ (கார்ட் செருகும் ஸ்லாட்) 3.0 வேகத்தோடு நின்றுவிடும். பிறகு அதில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கே லேன் (தரவு போகும் பாதை) உள்ள கார்டைச் செருகினால் வேகம் நன்றாகவே அடிபடும். எட்டு லேன் உள்ள 6600-க்கும் 4060-க்கும் இழப்பு சின்னதுதான்.

ஏஎம்4-ஆ ஏஎம்5-ஆ? கை இறுக்கம் என்றால் ஏஎம்4, அதில் பி550 என்ற ரக போர்ட். கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்க்க முடியும் என்றால் ஏஎம்5. 2027 வரைக்குமாவது அந்த சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபேன் சுற்றும், படம் வராது

கொட்டகலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தார். "அண்ணே, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஸ்கிரீன்ல ஒன்னுமே வரல. போர்ட் செத்துப்போச்சா?" போர்ட் சாகவில்லை. கடையில் நீண்ட நாள் தூங்கிய பி450 போர்ட், அதில் ரைசன் 5 5600. சாக்கெட் ஒன்றுதான். ஆனால் பி450 வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். போர்டின் உள்ளே இருந்து மெஷினை எழுப்பும் பயாஸ் மென்பொருளுக்கு அந்த ப்ராசஸரின் முகமே தெரியாது. மறுநாள் என் பழைய ரைசன் 5 2600-ஐக் கழற்றி எடுத்துப்போய், அதை மாட்டிப் பயாஸைப் புதுப்பித்து, திரும்ப 5600-ஐ உட்கார வைத்தோம். பத்து நிமிட வேலை. என்னிடம் பழையது இல்லாமல் போயிருந்தால் அவர் போர்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கொழும்பு போயிருப்பார்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. போர்ட் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைத் திறந்தால், எந்த ப்ராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று இருக்கும். அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போய், "இந்தப் பதிப்புக்கு அப்டேட் பண்ணிக் குடுங்க" என்று கடையிலேயே செய்து வாங்குங்கள். அல்லது பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக எடுங்கள். ப்ராசஸரே இல்லாமல் பென் டிரைவை மட்டும் செருகிப் புதுப்பிக்கலாம். ஏஎம்5 வகை பி650 போர்டில் ரைசன் 9000 போடுபவர்களுக்கும் இதே கதைதான். கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் மட்டும் இந்த வேலையில் கை வைக்காதீர்கள், பாதியில் நின்றால் போர்ட் கல்லாகிவிடும்.

ராம், எஸ்எஸ்டி

ராம் ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். டிடிஆர்4 என்றால் வேகம் 3200 அல்லது 3600, ஏஎம்5-க்கு டிடிஆர்5 6000 நல்ல இடம்.

எஸ்எஸ்டி (விண்டோஸும் கேமும் தங்கும் சேமிப்பு) எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் என்விஎம்இ வகை, 2280 அளவு (22க்கு 80 மில்லிமீட்டர்), முடிந்தால் 1 டிபி. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பாவித்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் (பழைய வகை டிஸ்க்குகளைச் செருகும் இடங்கள்) செத்துவிடும், அது போர்டின் கையேட்டில் இருக்கும். எஸ்எஸ்டியைப் பிடிக்கிற அந்தக் குட்டித் திருகாணி எஸ்எஸ்டி பெட்டியில் வராது, மதர்போர்ட் பெட்டியில் வரும். அட்டையைத் தூக்கிப் போடும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

கேசிங்: அளக்கும் டேப் எடுத்துக்கொண்டு போங்கள்

மூன்று அளவு. போர்ட் அளவு: ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. பெரிய கேசிங்கில் சின்ன போர்ட் போகும், மாறிப் போகாது. கார்டின் நீளம்: மூன்று ஃபேன் கார்ட் 300 மில்லிமீட்டரைத் தாண்டுவது சாதாரணம், கேசிங்கின் முன்னால் ஃபேன் மாட்டினால் இன்னும் 25 மில்லிமீட்டர் குறையும். கூலரின் (ப்ராசஸரைக் குளிரவைக்கும் பார்ட்) உயரம்: கோபுரக் கூலர்கள் 155, 160 மில்லிமீட்டர் வரை போகும், ஒல்லிக் கேசிங்கில் பக்கக் கதவு மூடாது.

கூலருக்கு இன்னொரு சங்கதி. இன்டெலின் முந்தைய சாக்கெட்டான எல்ஜிஏ1200-க்கு வந்த பழைய கூலர் எல்ஜிஏ1700-இல் நேரே மாட்டாது, ஓட்டைகளின் இடைவெளி 75-இலிருந்து 78 மில்லிமீட்டராகிவிட்டது. ஏஎம்4 கூலர் ஏஎம்5-க்குப் பெரும்பாலும் போகும். "ட்ரே" என்று சொல்லி விலை குறைத்துத் தரும் ப்ராசஸரில் கூலர் கிடையாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

வாட்டர் கூலர் வேண்டுமா என்று கேட்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்று கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெல்லியது, அதனால் ஃபேன் தள்ளும் காற்றின் கனமும் குறைவுதான். ஆனால் அறையின் குளிர் அதை ஈடுகட்டிவிடும். கொழும்பில் 30 பாகையில் வேகிற அதே மெஷின் இங்கே 16 பாகையில் உட்கார்ந்திருக்கிறது. ரைசன் 5 வகைக்குப் பெட்டியோடு வரும் கூலரே போதும். அந்தக் காசைக் கார்டில் போடுங்கள்.

நமக்கு எதிரி ஈரமும் அடுப்புப் புகையும். அணைத்துக் குளிர்ந்துபோன மெஷின் மேல் சமையலறை ஆவி பட்டால் உள்ளே வியர்க்கும். லயத்து வீட்டில் இடம் எங்கே என்பது தெரிந்த கதைதான், ஆனாலும் அடுப்புச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். முன்பக்கம் தூசி வலை உள்ள கேசிங்காக எடுங்கள். மாதக்கணக்கில் போடாமல் மூடி வைப்பதைவிட அடிக்கடி போட்டுச் சூடாக்குவது நல்லது.

பவர் சப்ளையும் சுவரும்

எல்லாரும் மிச்சக் காசில் வாங்கும் பார்ட் இது. நம் பக்கத்தில் இதற்குத்தான் முதல் மரியாதை கொடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட். ரைசன் 5 5600 தன் உச்சத்தில் 76 வாட். போர்ட், ராம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 250 பக்கம். அதற்கு 550 வாட் நல்ல சப்ளை தாராளம். கேசிங்கோடு "ஃப்ரீ" என்று வரும் சப்ளையை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். காலி டப்பா மாதிரி கனமே இருக்காது. 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத தரம்), 100–240 வோல்ட் என்று லேபலில் அச்சு, இரண்டும் வேண்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் பல்ப் மங்கும் லைன் கடைசி வீடுகளில் இந்த 100–240 தான் காப்பாற்றும். பின்னால் 115/230 என்ற சிவப்பு சுவிட்ச் உள்ள மலிவு ரகத்தில் யாராவது விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்டால், போட்ட உடனே வெடிதான்.

வயர்களில் இரண்டு எச்சரிக்கை. ப்ராசஸருக்கான எட்டுப் பின் வயரும் கார்டுக்கான எட்டுப் பின் வயரும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ப்ராசஸருடையது நாலு நாலாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். அதை வைத்து அடையாளம் பிடியுங்கள். அடுத்து, கழற்றி மாட்டும் மாடுலர் வயரை ஒரு சப்ளையிலிருந்து எடுத்து இன்னொரு கம்பெனி சப்ளையில் செருகவே கூடாது. நுனி பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். எஸ்எஸ்டி புகைந்த பிறகு தெரிந்து பயனில்லை.

இனி சுவர். மெஷின் ஓடும்போது கேசிங்கில் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுரீர். "லேசா கரண்ட் அடிக்குது, பழகிருச்சு" என்று சொல்லும் வீடுகள் நிறைய. காரணம் இதுதான்: சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்கள் மிகச் சிறிய கசிவை எர்த் வயருக்கு அனுப்பும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மிகக் குறைந்த மின்னோட்டம் என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது அதன் வழியாகப் பாய்ந்து அந்த எச்டிஎம்ஐ ஓட்டையைக் கொல்லலாம். உள்ளே நிஜமாகவே ஷோர்ட் ஆனால் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும் என்ற நிச்சயமும் இல்லை, தொடுகிற ஆள் வழியாக இறங்கும்போதுதான் விழலாம். பேனா முனையால் பிளக் பேஸின் மேல் ஓட்டையைக் குத்தித் திறந்து இரண்டு பின் பிளக்கைச் செருகுகிற பழக்கம், எர்த் கம்பி இல்லாத இரண்டு கோர் வயர் கோட் (எக்ஸ்டென்ஷன்), இவை இரண்டும் எர்த்தை அறுத்துவிடுகின்றன. வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் கம்பி மண்ணுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்வது எந்த பார்ட்டையும்விட மலிவு.

மின்னல் வேறு கதை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி இறங்கும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள வயர் கோட் சின்னச் சின்ன ஏற்றங்களுக்குச் சரி, பக்கத்தில் விழும் இடிக்கு இல்லை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து. செப்புத் தொலைபேசி வயர் வழியாக வந்து லேன் போர்ட்டைச் சுட்டுவிட்டுப் போகும்.

யூபிஎஸ் (கரண்ட் போனால் சில நிமிடம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) 650 விஏ என்று எழுதியிருந்தால் அது 650 வாட் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் 360, 390 வாட்தான். மெஷினும் மானிட்டரும் சேர்ந்து 280 வாட் இழுத்தால் சில நிமிடம் நிற்கும். சேவ் பண்ணி அணைப்பதற்கு அது போதும், மேட்சை முடிப்பதற்கு இல்லை. ஆக்டிவ் பிஎஃப்சி என்று எழுதிய பவர் சப்ளைகளில் சில, மலிவு யூபிஎஸ் தரும் படிப்படியான மின் அலையில் அப்படியே அணைந்துவிடும். சுவர் மின்சாரம் போல வழுவழுப்பான சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்க முடியாதென்றால் ஒரு அளவு பெரியதாக, 1000 விஏ பக்கம் எடுங்கள். 2022-இல் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் இருந்தோம், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடே இருண்டது. யூபிஎஸ் ஆடம்பரம் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

பில்லையும் போட்டுப் பாருங்கள். 280 வாட், நாளுக்கு நாலு மணி நேரம், மாதத்துக்கு ஏறக்குறைய 34 யூனிட். ஐம்பது யூனிட்டில் நிற்கும் வீடு அறுபதைத் தாண்டி வேறு கட்டண அடுக்குக்குப் போய்விடும். அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செகண்ட் ஹேண்ட்

2022 செப்டம்பரில் எத்தேரியம் மைனிங் (கார்டை ஓயாமல் ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிப்பது) நின்றபோது மைனிங் கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் கெட்டவை இல்லை. விற்பவர் வீட்டில் கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, வெப்பத்தையும் ஃபேன் சத்தத்தையும் பாருங்கள். "சீல் பிரிக்கல" என்ற பேச்சில் மயங்காதீர்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் கார்டின் உண்மைப் பெயரைப் பாருங்கள், பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்பவர்களும் உண்டு.

"ஐ7 கேமிங் பிசி" என்று மலிவு விலையில் வரும் பழைய ஆபீஸ் மெஷின்தான் பெரிய பொறி. ஐ7-க்குப் பின்னால் 3 அல்லது 4 என்று தொடங்கும் நாலு இலக்கம் இருந்தால் அது பத்து வருடத்துக்கு மேல் பழசு. உள்ளே இருக்கும் சப்ளை சின்னது, வயரும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், அப்படியானால் சாதாரண சப்ளையை நேரே மாட்ட முடியாது. விண்டோஸ் 11-க்கு அது தகுதியே இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்பு வசதி) கேட்கும்.

13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழசாகக் கிடைத்தால் யோசித்து எடுங்கள். அதிக வோல்டேஜில் தேய்ந்துபோகும் பிரச்சினையை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு பயாஸ் திருத்தம் வெளியிட்டது. அதற்கு முன்பே தேய்ந்ததைத் திருத்தத்தால் மீட்க முடியாது.

கடையில், பிறகு மேசையில்

எழுதிய பட்டியலை பிசி பார்ட் பிக்கர் தளத்தில் ஒருமுறை போட்டால் சாக்கெட், நீளம், வாட் எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்லும். அங்கே காட்டும் விலையை மறந்துவிடுங்கள், நம் ஊர் விலை வாரத்துக்கு வாரம் ஆடும். கடையில் பட்டியலில் இருப்பது இல்லை, "அதே மாதிரி இன்னொன்னு இருக்கு" என்றால், அங்கேயே நின்று போனில் அந்த மாடலை மறுபடி பொருத்தம் பாருங்கள். அவசரப்படுத்தினால் டீ குடிக்கப் போய்விடுங்கள். முடிந்தால் கடையிலேயே மாட்டி, படம் வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கார்டை மட்டும் கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டு வாருங்கள், கித்துல்கல வளைவுகளில் கார்டின் கனம் ஸ்லாட்டை ஆட்டும்.

வீட்டில் முதல் தடவை போடும்போது மானிட்டர் வயரைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். டிடிஆர்5 மெஷின் என்றால் முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். பதறி அணைக்காதீர்கள். படம் வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய 3200 ராம் 2133-இலோ 2400-இலோ நடந்துகொண்டிருக்கும். விண்டோஸில் மானிட்டரை 60 ஹெர்ட்ஸிலிருந்து 144-க்கு மாற்றுங்கள்.

பெட்டிகளையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள் என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடும் கடைகள் உண்டு, படித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைக் கூரைப் பரணில் ஏற்றாதீர்கள். எங்கள் வீட்டில் மதர்போர்ட் பெட்டியின் ஒரு மூலையை, சீரியல் நம்பர் ஒட்டியிருந்த அதே மூலையை, எலி தின்றுவிட்டது.